யார் வீட்டில் சாப்பிட்டாய்?

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். பஸ் ஏறினால் அரை மணி நேரம். நான் ராஜபாளையம், அவன் ஸ்ரீவில்லிபுத்தூர். ஒரே வயசு. ரெண்டு பேருமே பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய் வந்தவர்கள், ஒரே ராத்திரியில் ஒரே பெட்டியில்கூடப் போயிருக்கலாம். ஆனாலும் நாங்கள் பார்த்துக்கொள்வதற்கு ஜெர்மனியில் ஒரு மாணவர் விடுதியின் சமையலறை தேவைப்பட்டது.

2019 அக்டோபர் கடைசி. ஐந்து மணிக்கே இருட்டிவிடும். எட்டு அறைகளுக்கு ஒரு பொதுச் சமையலறை. வந்த நாளிலிருந்து ரொட்டியும் ஜாமும் தின்று நாக்கு செத்துப்போயிருந்த ஒரு சாயங்காலம், நடைபாதையில் நல்லெண்ணெயில் பூண்டு வதங்குகிற வாசம் வந்தது. போய் நின்றேன்.

"தமிழா?"

"ஆமா ப்ரோ."

"எந்த ஊரு?"

"மதுரைப் பக்கம்."

எங்கள் பக்கத்து ஆட்கள் வெளியூர் போய்விட்டால் எல்லோருக்கும் மதுரைப் பக்கம்தான். "மதுரைப் பக்கம்னா எங்க?" என்றேன். "ஸ்ரீவில்லிபுத்தூர்." "டேய், நான் ராஜபாளையம்டா!"

அவன் சிரித்துக்கொண்டே கேட்டது: "சாப்ட்டியா?"

அன்றைக்குக் கழுவின தட்டு ஒன்றுகூட இல்லை. புளிக்குழம்பையும் சோற்றையும் சட்டியிலேயே பிசைந்து ரெண்டு பேரும் ஒரே சட்டியில் சாப்பிட்டோம். பத்து மணிக்குள் 'ப்ரோ' போய் 'மாப்ள' வந்துவிட்டது.

அதிலிருந்து வெள்ளிக்கிழமை ராத்திரி என்றால் அந்தச் சமையலறையில் கூட்டுச் சாப்பாடு. எதிர் அறையில் ஒரு ஈரான் பெண் இருந்தாள். அவர்கள் ஊரில் வேண்டுமென்றே சோற்றை அடிப்பிடிக்க விட்டு, பொன்னிறமாக மொறுமொறுவென்று ஆன அந்த அடியைப் பெயர்த்து விருந்தாளிக்கு வைப்பார்கள். ததீக் என்று பேர். நம் வீட்டில் காந்தல் என்று சட்டியோடு ஊறப்போடுகிற சமாச்சாரம் அது. போலந்துக்காரன் ஒருவன் பீட்ரூட் சூப் வைப்பான். கேமரூனிலிருந்து வந்த அண்ணன் ஒருவர் வாழைக்காயை வறுப்பார். ஊரிலிருந்து பார்சலில் வந்த பால்கோவாவை ஒருநாள் இவன் மேசையில் வைத்தபோது ஐந்து நாட்டுக் கைகள் அந்த டப்பாவுக்குள் போயின. 2020-ல் ஊரடங்கு வந்து கட்டடத்தை விட்டு நகர முடியாமல் இருந்த மாதங்களில், பைத்தியம் பிடிக்காமல் எங்களைக் காப்பாற்றியது அந்த மேசைதான்.

சந்தித்த ரெண்டாவது வாரமோ என்னவோ, பேச்சுவாக்கில் ஒருநாள் கேட்டேன்: "ஸ்ரீவில்லிபுத்தூர்ல எந்தத் தெரு?"

"ஊருக்குக் கொஞ்சம் வெளிய" என்றான். உப்பை எடுக்கச் சொன்னான். எடுத்துக் கொடுத்தேன்.

நம் ஊர்களில் 'எந்தத் தெரு' என்று விலாசத்துக்காகக் கேட்பவர் தபால்காரர் மட்டும்தான். எனக்கு அது தெரியாதா என்ன? தெரிந்துதான் கேட்டேனா என்று இப்போதும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் அவன் சொல்லாமல் விட்ட பதில் எனக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது.

*

சேர்ந்து சாப்பிட்டால் அந்நியர் நண்பராகிவிடுவார் என்ற நம்பிக்கை மிகப் பழையது. அரிஸ்டாட்டில் நட்பைப் பற்றி எழுதும்போது உப்பைப் பற்றிய ஒரு பழமொழியைத் துணைக்கு அழைக்கிறார். அவர் சொல்வதன் சாரம், சேர்ந்து போதுமான உப்பைத் தின்னும்வரை ரெண்டு பேர் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள முடியாது என்பது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நம் பாட்டிகள் சொல்வது அதற்குப் பக்கத்துவீடு. ஆங்கிலத்தில் கம்பேனியன் என்ற சொல்லுக்குள் லத்தீன் ரொட்டி ஒளிந்திருக்கிறது: ஒரே ரொட்டியைப் பகிர்பவர். நாம் மாசச் சம்பளம் வாங்குகிற கம்பெனிக்கும் வேர் அதுதான்.

தமிழ் இன்னும் ஒரு படி மேலே போகிறது. 'விருந்து' என்ற சொல்லுக்குப் பழைய பொருள் புதுமை. தொல்காப்பியத்தில் அந்தப் பொருளில்தான் வருகிறது. புதிதாக வந்தவர் விருந்து. பிறகுதான் அவருக்குப் போடுகிற சாப்பாடும் விருந்து ஆனது. சொந்தக்காரர் வந்து சாப்பிட்டால் அது பழைய கணக்கின்படி விருந்தே இல்லை. முன்பின் தெரியாதவர் வந்து உட்கார வேண்டும்.

அந்தச் சமையலறை மேசையில் இதெல்லாம் கண்முன்னே நடந்தது. ஆகவே சாப்பாடு நட்பை உண்டாக்கும் என்று சொல்லி இந்தக் கட்டுரையை இங்கேயே முடித்திருப்பேன். 2022 டிசம்பரில் ரெண்டு பேரும் ஊருக்கு வந்திருந்தபோது அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான்.

*

அம்மாவுக்கு ஏற்கனவே அவனைத் தெரியும். வீடியோ காலில் "தம்பி, இவன் ஒழுங்கா சாப்பிடுறானா?" என்று கேட்டுக் கேட்டுப் பழக்கம். அவன் வருகிறான் என்றதும் காலையிலிருந்து சமையல். கறிக்குழம்பு, ரசம், முட்டை, பாயாசம்கூட. அவன் வந்து முன்னறையில் உட்கார்ந்து அப்பாவிடம் பேசிக்கொண்டிருக்கும்போது, அம்மா என்னை அடுப்படிக்குள் கூப்பிட்டாள்.

"தம்பி எந்தத் தெருவாம்?"

"தெரியலம்மா."

பொய். மூன்று வருடமாக எனக்குத் தெரியும். அம்மா என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"போயி இலை வாங்கிட்டு வா."

"எத்தனை?"

"ஒண்ணு போதும்."

நான் போய் ஒரு இலை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அவனுக்கு இலை. அப்பாவுக்கும் எனக்கும் எப்போதும்போல எவர்சில்வர் தட்டு. அம்மா பக்கத்திலேயே நின்று பார்த்துப் பார்த்துப் பரிமாறினாள். "என்ன தம்பி, கோழி மாதிரி கொறிக்கிற, நல்லா சாப்பிடு." அந்த அன்பு நடிப்பில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கெட்ட மனுஷி ஒருத்தியைப் பற்றிய கதையாக இது இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபம். இலை போடுவது நம் ஊரில் மரியாதை. மாப்பிள்ளைக்கு இலை போடுவோம், சம்பந்திக்கு இலை போடுவோம். ஆனால் இலைக்கு இன்னொரு குணம் உண்டு. சாப்பிட்டதும் அதைத் தூக்கிப் போட்டுவிடலாம். கழுவி அலமாரியில் திருப்பி அடுக்க வேண்டியதில்லை.

சாப்பிட்டு முடித்ததும் அவனே இலையை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்தான். "இத எங்க போடணும்மா?" "ஐயோ, நீ வை தம்பி" என்றாள் அம்மா. அதைச் சொல்வதற்கு அவளுக்கு ஒரு நொடி கூடுதலாக ஆனது. அந்த நொடியை நாங்கள் மூன்று பேருமே கவனித்தோம் என்று நினைக்கிறேன்.

பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன். "சாப்பாடு சூப்பர். இலையில சாப்ட்டு ரொம்ப நாளாச்சு" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. பஸ் கிளம்பின பிறகுதான் எனக்கு உறைத்தது: எங்கள் வீட்டில் இருந்த மூன்று மணி நேரத்தில் அவன் என்னை ஒரு தடவைகூட மாப்ள என்று கூப்பிடவில்லை.

*

வெளிநாட்டில் சேர்ந்து சாப்பிட்டவர்கள் ஊருக்குத் திரும்பியதும் என்ன ஆகிறார்கள்? எனக்கு முன்னால் பெரிய பெரிய ஆட்கள் இந்த இடத்தில் இடறியிருக்கிறார்கள்.

1888-ல் காந்தி லண்டனுக்குச் சட்டம் படிக்கப் போனார். பாரிஸ்டர் ஆக வேண்டுமென்றால் அங்கே பரீட்சை மட்டும் பத்தாது, இத்தனை விருந்துகளில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. நான்கு பேருக்கு ரெண்டு பாட்டில் ஒயின் வைப்பார்கள். காந்தி குடிக்க மாட்டார். அதனாலேயே அவரைத் தங்கள் நால்வரில் ஒருவராகச் சேர்த்துக்கொள்ள மற்றவர்கள் போட்டி போட்டார்கள் என்று அவரே சுயசரிதையில் வேடிக்கையாக எழுதியிருக்கிறார். கடல் கடந்து போனதற்காக அவருடைய சாதி அவரைத் தள்ளி வைத்திருந்தது. 1891-ல் திரும்பி வந்தபோது உடன்பிறந்த அக்கா வீட்டிலும் மாமனார் வீட்டிலும் தண்ணீர்கூடக் குடிக்க முடியாத நிலை. அவர்கள் மறைவாகக் கொடுக்கத் தயாராகத்தான் இருந்தார்கள். மறைவாகச் செய்வதைச் செய்ய மாட்டேன் என்று இவர் மறுத்துவிட்டார்.

அடுத்தவர் நமக்கு இன்னும் பக்கம். வ.வே.சு. ஐயர். அவரும் பாரிஸ்டர் படிப்புக்காகத்தான் லண்டன் போனார். இந்தியா ஹவுஸில் சாவர்க்கர் முதலானவர்களோடு சேர்ந்தார். 1909 அக்டோபரில் லண்டன் இந்தியர்கள் ஒரு தசரா விருந்து நடத்தினார்கள். சமையலைக் கவனித்தவர்களில் ஒருவர் அங்கே மருத்துவம் படித்துக்கொண்டிருந்த தி.சே.செள. ராஜன். பின்னாளில் சென்னை மாகாண அமைச்சரானவர். ஒல்லியான ஓர் ஆள் வந்து சேர்ந்துகொண்டு பாத்திரம் கழுவினார், காய்கறி வேலை பார்த்தார். யாரென்று எங்களுக்குத் தெரியவில்லை, சாயங்காலம் ஐயர் வந்து சொன்ன பிறகுதான் அன்றைய விருந்துக்குத் தலைமை தாங்க வந்த காந்தி அவர் என்று தெரிந்தது என்பது ராஜன் சொல்லும் கதை. அந்த விருந்தில் யார் எந்தத் தெரு என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பதினைந்து வருடம் கழித்து, சேரன்மாதேவி. நம் ஊரிலிருந்து தென்காசி வழியாகப் போனால் ஒரு பகல் பொழுதுக்குள் போய் வந்துவிடலாம். ஐயர் அங்கே ஒரு குருகுலம் நடத்தினார். தேசியக் கல்வி என்பதால் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி பத்தாயிரம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு ஐயாயிரம் கொடுத்தது. அங்கே பிராமண மாணவர் சிலருக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு போடுகிறார்கள் என்பது வெளியே வந்தது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்தார்கள். பெற்றோரின் விருப்பம் என்பது ஐயர் தரப்பு விளக்கம். காந்தி வரைக்கும் விவகாரம் போனது. 1925 ஜூன் 3 அன்று பாபநாசம் அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் ஐயர் இறந்தார். அந்த வருடக் கடைசியில், காஞ்சிபுரம் மாநாட்டோடு, பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். தமிழக அரசியலின் போக்கை மாற்றிய சண்டைகளில் ஒன்று, யார் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்ற சண்டை.

என்னைத் தூங்கவிடாத விஷயம் ஒன்று உண்டு. ஐயர் திருக்குறள் முழுவதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். விருந்தோம்பல் அதிகாரத்தின் பத்துக் குறளையும் சொல் சொல்லாக நிறுத்துப் பார்த்தவர். லண்டனில் எல்லோரோடும் சாப்பிட்டவர். அவர் மனதில் கள்ளம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. யாரோ சில பெற்றோர் மனம் நோகக் கூடாது என்று ஒரு சின்ன ஏற்பாட்டுக்கு இடம் கொடுத்தார். நானும் என் அம்மா மனம் நோகக் கூடாது என்றுதான் கடைக்குப் போய் ஒரே ஒரு இலை வாங்கினேன்.

*

அம்பேத்கர் இருந்திருந்தால் இந்தப் புலம்பலைக் கேட்டு, பிரச்சினையே அங்கே இல்லை என்றிருப்பார். 1936-ல் லாகூரில் பேசக் கூப்பிட்டு, பிறகு வேண்டாமென்று சொல்லப்பட்டு, அவர் சொந்தச் செலவில் அச்சிட்ட 'சாதியை அழித்தொழித்தல்' உரையில் இதைத் தெளிவாகவே வைக்கிறார். சேர்ந்து சாப்பிடுவதால் மட்டும் சாதி போகாது. ஏற்கனவே சேர்ந்து உண்ணும் சாதிகளுக்கு நடுவிலும் சாதி உணர்வு அப்படியேதான் இருக்கிறது. கலப்பு மணம்தான் மருந்து என்பது அவர் வாதம்.

எங்கள் பக்கம் ஆம்பளைப் பசங்க ஒருத்தரை ஒருத்தர் மாப்ள, மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்வதை யோசித்துப் பாருங்கள். அந்தச் சொற்களுக்கு அர்த்தம் என்ன? உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் பெண் கொடுத்து எடுக்கிற உறவு. அம்பேத்கர் எது நடக்காதவரை சாதி போகாது என்றாரோ, அதை நாம் டீக்கடையில் தினமும் நூறு தடவை வாயால் மட்டும் நடத்திக்கொண்டிருக்கிறோம். அவன் எங்கள் வீட்டுக்குள் வந்ததும் அந்தச் சொல்லை வாசலிலேயே கழற்றி வைத்தது ஏன் என்று இப்போது புரிகிறது. வீட்டுக்குள் அதற்கு அர்த்தம் வந்துவிடும்.

அப்படியானால் சேர்ந்து சாப்பிடுவது வீணா? நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் இத்தனை நாள் கேள்வியைத் தப்பான பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

சாப்பாடு போடுவதில் நம் ஊருக்குக் குறையே கிடையாது. 1952-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போன காமராஜர்தான், முதலமைச்சரான பிறகு 1956-ல் பள்ளிகளுக்கு மதிய உணவு கொண்டுவந்தார். சுதந்திர தினத்தன்று கோயில்களில் பொது விருந்து நடக்கிறது, அமைச்சர்களும் அதிகாரிகளும் பந்தியில் உட்காருகிறார்கள், மறுநாள் பேப்பரில் படம் வருகிறது. அன்னதானத்துக்கு ஆள் பஞ்சமே இல்லை. ஆனால் 2018-ல் அவிநாசிப் பக்கம் ஒரு அரசுப் பள்ளிக்குச் சத்துணவு சமைக்கப் பட்டியல் சாதிப் பெண் ஒருவர் வந்தபோது, அவர் சமைக்கக் கூடாது என்று பெற்றோர் சிலர் கிளம்பினார்கள். அவருக்கு ஒருவேளை சோறு போடச் சொல்லியிருந்தால் அந்தப் பெற்றோரே முகம் சுளிக்காமல் போட்டிருப்பார்கள். அவர் கையால் வாங்கச் சொன்னபோதுதான் வலித்தது.

சாதியின் கணக்கே இதில்தான் இருக்கிறது. யார் யாருக்குக் கொடுக்கலாம் என்பதில் கட்டுப்பாடு குறைவு. யார் யாரிடம் வாங்கலாம் என்பதில்தான் மேல் கீழ் எல்லாம் எழுதியிருக்கிறது. விருந்தோம்பல் அதிகாரத்தின் பத்துக் குறளும் விருந்து கொடுப்பவரைப் பார்த்தே பேசுகின்றன. கொடுப்பவரின் அறம் நமக்கு மனப்பாடம். வாங்குபவரின் அறத்தை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. கொடுக்கிறவன் கை எப்போதும் மேலேயே இருக்கலாம், அன்போடு இருக்கும்போதும்கூட. அடுத்தவர் வீட்டுத் தரையில் உட்கார்ந்து, அவர் போட்டதைச் சாப்பிட்டு, இன்னும் கொஞ்சம் போடுங்க என்று கேட்கும்போதுதான் அது கீழே இறங்குகிறது.

ஜெர்மனியில் அந்த நட்பு ஏன் அவ்வளவு லேசாக நடந்தது என்பதும் இதிலிருந்து விளங்குகிறது. அங்கே வீடு யாருக்கும் சொந்தமில்லை. எல்லோருமே விருந்து, அந்தப் பழைய அர்த்தத்தில்: புதிதாக வந்தவர்கள். ஈரான்காரி அடிச்சோறு கொடுத்தால் வாங்கித்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் ராத்திரிக்கு ரொட்டியும் ஜாமும். ஊருக்கு வந்ததும் நான் வீட்டுக்காரன் ஆகிவிட்டேன்.

அதனால் யாருக்குச் சாப்பாடு போட்டாய் என்று என்னை யாரும் கேட்க வேண்டாம். யார் வீட்டில் சாப்பிட்டாய் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாமல் இருந்தது.

*

இலைச் சாப்பாட்டுக்குச் சில வாரம் கழித்து கூடாரவல்லி. மார்கழி 27. "கோயிலுக்கு வருவேல்ல, அப்படியே வீட்டுக்கு வா. அம்மா சமைக்கிறாங்க" என்று மெசேஜ் போட்டிருந்தான். நான் போனேன். ஆண்டாளைப் பார்த்தேன், கோயில் பக்கத்துக் கடையில் பால்கோவா வாங்கினேன், ராஜபாளையம் பஸ்ஸில் ஏறிவிட்டேன். "நேரமாயிடுச்சுடா, அடுத்த தடவை." மணி பதினொன்றுகூட ஆகவில்லை. அவன் அம்மாவைச் சிரமப்படுத்த வேண்டாமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கையில் ஒரு கிலோ பால்கோவா கனத்தது.

அன்றைய பாட்டு எதைப் பற்றியது என்று அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திருப்பாவையின் ரெண்டாம் பாட்டில் அந்தப் பெண்கள் நெய்யும் பாலும் வேண்டாமென்று நோன்பு எடுக்கிறார்கள். இருபத்தேழாம் பாட்டில் அந்த நோன்பு முடிகிறது. பால்சோறு, கை வழியே ஒழுகுகிற அளவுக்கு நெய், எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து. இடையில் ஆறாம் பாட்டிலிருந்து பதினைந்தாம் பாட்டு வரை என்ன செய்கிறார்கள்? விடிவதற்கு முன்னால் வீடு வீடாகப் போய், தோழிகளின் வாசலில் நின்று எழுப்புகிறார்கள். பத்துப் பாட்டு முழுக்க அடுத்தவள் வாசல்தான். அதற்கப்புறம்தான் சேர்ந்து சாப்பிடுவது. நான் வாசலுக்கே போகாமல் பிரசாதத்துக்கு வந்தவன்.

போன மார்கழியில் போனேன். இந்த முறை கோயிலுக்கு முன்னால் அவன் வீட்டுக்கு. ஊருக்குக் கொஞ்சம் வெளியே, அவன் சொன்ன மாதிரியே. அவன் அம்மா கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்திருந்தார். ஜெர்மனியில் முதல்நாள் சட்டியில் சாப்பிட்ட குழம்பின் பூர்வீகம் அதுதான் என்று முதல் வாயிலேயே தெரிந்தது. எனக்கு வைத்த எவர்சில்வர் தட்டின் விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. அவன் காதுகுத்துக்கு மாமா செய்தது, அவன் பெயர், தேதி எல்லாம் இருந்தது. சின்ன வயசிலிருந்து அவன் சாப்பிடுகிற தட்டு.

"இலை வாங்கலாம்னுதான் நெனச்சேன் தம்பி, இவன்தான் தட்டே போதும்னுட்டான்" என்றார் அவன் அம்மா, குறை வைத்துவிட்டோமோ என்ற சங்கடத்தோடு.

நான் அவனைப் பார்த்தேன். "சோத்தப் போட்டுக்க மாப்ள" என்றான்.

அன்று ராத்திரி அம்மாவிடம் சொன்னேன், அவங்க வீட்ல சாப்ட்டேன் என்று. "என்ன குழம்பு?" என்றாள். சொன்னேன். "நல்லா இருந்துச்சா?" "ரொம்ப நல்லா இருந்துச்சு. அவன் தட்டுலதான் போட்டாங்க." அம்மா பதில் சொல்லவில்லை. கழுவிக் கவிழ்த்திருந்த தட்டுகளை எடுத்து அலமாரியில் அடுக்க ஆரம்பித்தாள்.

அவன் பங்குனியில் மறுபடி ஊருக்கு வருகிறான். எங்கள் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். இலை வாங்க நான் கடைக்குப் போவதாக இல்லை.